யாருக்குப் பூக்குது?

கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பங்குனி வெயில். சாலையின் நடுத்திட்டில் செவ்வரளி வரிசை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை ஒரே பூ. அந்தச் செடிகளைக் கழித்துத் தண்ணீர் விடும் வேலையில் இருந்த ஓர் அம்மா, புளியமர நிழலில் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழித்துப் போட்ட கொம்புகள் பூவோடு குவிந்து கிடந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டார்.

"இன்னா தம்பி, பூவப் பாக்கிறியா? பாக்கத்தான் லாயக்கு. இம்மாம் பூ பூக்குது, ஒரு வண்டு வந்து குந்துதா பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பூவைக் கிள்ளி எடுத்தார். கட்டைவிரல் நகத்தால் அடியிலிருந்து மேல்வரை நீளவாக்கில் கிழித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "உள்ள பாரு. காஞ்சி கெடக்குது. இது யாருக்குத்தான் பூக்குதோ, தெரில."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் கிழிந்த அந்தப் பூ என்னை விட்டபாடில்லை. ரோஸ் நிறக் குழல், அதற்குள் நூலை முறுக்கி வைத்ததுபோல் மெல்லிய இழைகள், அதற்கும் கீழே ஈரம் என்று சொல்ல ஒரு பொட்டும் இல்லாத அடி. மண் ஏறிய நகம். வெளியே அத்தனை செழிப்பு, உள்ளே ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த வெற்றுக் குழலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரளியை அங்கே வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வெட்ட வெட்டத் தழைக்கும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். வேரிலிருந்து பூ வரை விஷம் என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. எதிர்ச் சாரியில் வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும். வருடம் முழுக்கப் பூக்கும். மத்திய அரசு பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை என்று ஒன்றை 2015-இல் கொண்டுவந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நாட்டின் பல நெடுஞ்சாலைகளில் நடுவே நிற்பது அரளிதான். ஒரு சாலைக்கு என்னவெல்லாம் வேண்டுமோ எல்லாம் அதனிடம் இருக்கிறது. வண்டுக்கு வேண்டியதைச் சாலை கேட்பதில்லை.

அந்த அம்மா சொன்னது சரிதானா என்று தேடிப் படித்தேன். சரிதான். அரளிப் பூவில் தேன் கிடையாது. நிறத்தைக் காட்டிப் பூச்சியை வரவழைக்கும். இன்னும் விவரம் தெரியாத பூச்சி ஒன்று தலையை உள்ளே நுழைக்கும், ஒன்றும் கிடைக்காமல் வெளியே வரும், அந்தப் போக்குவரத்தில் மகரந்தம் இடம் மாறிவிடும். நாலு பூவில் ஏமாந்த பூச்சி அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆக, பூச்சி வரவே வராது என்பதில்லை. வந்தது தங்காது. நாள் முழுக்கச் செடியோடு இருப்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைப் படிக்கும்போது எப்போதோ பாதி படித்துவிட்டு மூடிய ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் என்று ஒரு ஜெர்மானியர். பெர்லினை ஒட்டிய ஸ்பாண்டாவில் பள்ளித் தலைமையாசிரியர். பூவின் நிறமும் கோடும் புள்ளியும் பூச்சிக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டத்தான் என்று 1793-இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் வேலையும் நிலைக்கவில்லை. அதே புத்தகத்தில் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சில ஆர்க்கிட் பூக்களில் தேன் இல்லை, இருப்பதுபோல் பாசாங்கு மட்டும் செய்கின்றன என்று. ஸ்ப்ரெங்கலின் மேல் பெரிய மரியாதை வைத்திருந்த டார்வினாலேயே இதை ஏற்க முடியவில்லை. 1862-இல் ஆர்க்கிட் பற்றி எழுதியபோது, பூச்சி இப்படித் தலைமுறை தலைமுறையாக ஏமாந்துகொண்டிருக்குமா என்று சந்தேகப்பட்டார். பூவின் உள்சதைக்குள் எங்கேயாவது சாறு இருக்கும், பூச்சி குத்திக் குடிக்கும் என்று நினைத்தார். கடைசியில் ஸ்ப்ரெங்கல் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. டார்வினின் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இயற்கையில் இவ்வளவு பெரிய மோசடி இருக்கும் என்று நம்ப அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. கவரைப்பேட்டை அம்மாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. நகத்தால் கிழித்துப் பார்த்தாயிற்று.

பூவுக்குள் ஈரம் இருக்கும் என்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இட்லிப்பூ. பொன்னேரியில் ஆயா வீட்டு வாசலில் ஒரு புதர் இருந்தது. கொத்திலிருந்து ஒரு பூவை உருவி, குழலின் அடிமுனையை நாக்கில் வைத்து உறிஞ்சினால் ஊசிமுனை அளவு இனிப்பு. அதற்காகக் கொத்துக் கொத்தாக உருவிப் போடுவோம். "எல்லாத்தையும் பிச்சிப் போடாதீங்கடா, சாமிக்கு வேணும்" என்று உள்ளேயிருந்து ஆயாவின் குரல் வரும். பூ என்றால் சாமிக்கு. இல்லாவிட்டால் தலைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. அதே புதரில் நாள் முழுக்கப் பட்டாம்பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒல்லியான அந்த நீளக் குழலின் அடிவரை எட்டுகிற நாக்கு அவற்றுக்கு உண்டு. ஆனால் பூ பட்டாம்பூச்சிக்கு என்று வாயைத் திறந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வாயால் சொல்லாததைக் கையால் செய்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது. மார்கழியில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப் பூசணிப்பூ வேண்டும். விடியும் முன்பே ஆயா கொடிக்குப் போவாள், கூடவே நானும். "நீளக் காம்பா நிக்குது பாரு, அதப் பறி. பூவுக்கு அடியில பிஞ்சு மாரி குண்டா இருந்தா கைய வைக்காத." நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ, அடியில் குண்டாக இருப்பது பெண் பூ என்பது பள்ளிக்கூடத்தில் பிறகு தெரிந்தது. ஆண் பூவிலும் நாலைந்தை விட்டுவிட்டுத்தான் திரும்புவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மொத்தத்தையும் பறித்துவிட்டால் வெயில் ஏறும்போது வரும் தேனீக்கு எடுத்துப்போக மகரந்தம் இருக்காது, பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். ஆயாவுக்குத் தேனீயின் மேல் அன்பு இருந்ததா, பூசணிக்காயின் மேல் கணக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். அநேகமாகக் கணக்குத்தான். கோலத்துக்கும் கிடைத்தது, தேனீக்கும் கிடைத்தது, பொங்கலுக்குக் காயும் கிடைத்தது.

மல்லிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பறிக்கிறார்கள். மொட்டாகப் பறித்தால்தான் விலை. அன்று சாயங்காலம் விரிய வேண்டிய மொட்டு, காலையில் கோயம்பேட்டுக்குப் போய் அங்கிருந்து யாரோ ஒருவர் கொண்டைக்குப் போய் அங்கே விரிகிறது. வெள்ளை நிறம், இரவில் ஏறும் வாசம், இதெல்லாம் அந்துப்பூச்சியைக் கூப்பிடுகிற லட்சணம். கூப்பிடுகிற நேரத்தில் பூ செடியில் இல்லை. ஏக்கர் கணக்கில் பூந்தோட்டம், அந்துப்பூச்சிக்கு ஒரு விருந்தும் கிடையாது. மல்லிக்கும் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நம் ஊர்க் குண்டுமல்லி காய்ப்பது அபூர்வம். குச்சி வெட்டியும் பதியன் போட்டும்தான் அதைப் பெருக்குகிறோம். அரளி பூச்சியை ஏமாற்றுகிறது என்று சொன்னேனே, அது செடியின் சொந்தத் தந்திரம். மல்லி விஷயத்தில் பூச்சியின் வழியை அடைத்தது நம் கை. எனக்கு மல்லி வாசம் இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஞாபகம் வருகிறது. இறையனார் பாடியது, 1965-இல் வந்த திருவிளையாடல் படத்தால் பாமரருக்கும் தெரிந்தது. தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்று தலைவன் வண்டைக் கேட்கிறான். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்கிறான். படத்தில் சண்டை முழுவதும் கூந்தலைப் பற்றித்தான். தருமி அழுததும் நக்கீரர் வாதாடியதும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. என் மனம் வண்டிடம் போய் நிற்கிறது. வீடு வீடாகப் போய்ப் பூவைச் சோதிப்பதே பிழைப்பாகக் கொண்ட ஒரு ஜீவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, முகஸ்துதி வேண்டாம் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. நடுத்திட்டு அரளியைப் பற்றி வண்டு கொடுத்த சாட்சி, அது அங்கே வராததுதான்.

வண்டின் சாட்சியை நாம் எங்கும் பதிவு செய்வதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் அலுவலகத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். சுற்றுச்சூழல் அனுமதியில் அப்போது வழக்கமாக ஒரு நிபந்தனை இருந்தது, மொத்தப் பரப்பில் 33 சதவீதம் பசுமைப் பட்டை என்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை போக வேண்டும். எத்தனை கன்று வைத்தோம், என்ன வகை, எத்தனை பிழைத்தது, போட்டோ. அதில் எதுவும் பொய் இல்லை, செடிகள் உண்மையாகவே நின்றன. அந்தச் செடியைத் தேடி யார் வந்தார் என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. உருக்காலைத் தூசி படிந்த இலைகளை வாரம் ஒருமுறை தண்ணீர் அடித்துக் கழுவுவோம், போட்டோவுக்காக.

அப்படிக் கேட்கிற படிவம் மனிதர்களுக்கும் இல்லை. அதே ஆலையில் பெரிய அதிகாரி ஒருவர் ஓய்வு பெற்றபோது மேடை கொள்ளாத மாலை, சால்வை, பேச்சு. அடுத்த மாதம் ஸ்டோர்ஸில் இருந்தவர் ஓய்வு பெற்றார். மாலை ஒன்றுதான். கேன்டீன் பையனும் ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளிகள் இருவரும் கேட் வரைக்கும் கூடவே போய், பஸ் ஏறும்வரை நின்றார்கள். மாசக் கடைசியில் அவரிடம்தான் கைமாற்று வாங்குவார்களாம். இதை எழுதும்போதே ஒரு கூச்சம். அதிகாரியை அரளி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். அவர் குழலுக்குள் நான் நகம் வைத்துப் பார்த்தவன் இல்லை. என்னுடையதையும் யாரும் கிழித்துப் பார்த்ததில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்பதை நினைக்க இஷ்டமில்லை.

இந்த யோசனையெல்லாம் ஒரு வழியாகத் தீர்ந்தது என்று இருந்தபோது, எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் அரளி அதைக் கலைத்துப்போட்டது. இலைகளை ஏதோ கடித்திருந்தது. கிளையை வளைத்துப் பார்த்தேன். தவிட்டு நிறத்தில் வெள்ளை வரி ஓடிய புழு, முதுகில் ஜோடி ஜோடியாகக் கறுத்த கொம்புகள். பக்கத்து இலைக்கு அடியில் கூட்டுப்புழு ஒன்று தொங்கியது. புதிதாகத் துலக்கிய எவர்சில்வர் சொம்புபோல் அப்படி ஒரு பளபளப்பு. குனிந்தால் என் முகமும் பின்னாலிருக்கும் கோபுரமும் அதில் கோணலாகத் தெரிந்தன. அதிலிருந்து வருவது நாம் எல்லோரும் பார்த்திருக்கிற பட்டாம்பூச்சிதான், கறுப்புப் பழுப்புச் சிறகு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள், அவசரமே இல்லாத பறப்பு. பறவைகளுக்கு அதன் ருசி ஆகாது. அரளி இலையைத் தின்று வளர்கிறது. அந்தியில் பூக்களுக்கு முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்குமே, பாசிப் பச்சையில் பெரிய அந்துப்பூச்சி, அதன் புழுவுக்கும் அரளி இலைதான் ஆகாரம்.

அந்த அம்மாவுக்கு இப்போது என்ன பதில் சொல்வது? பூவில் ஒன்றுமில்லை, இலையில் இருக்கிறது என்றா? ஆனால் இலையைச் செடி கொடுக்கவில்லை. யாரும் தின்னக் கூடாது என்று விஷத்தை வைத்தது, அதையும் மீறி ஒரு புழு தின்னக் கற்றுக்கொண்டது. வா என்று கூப்பிட்ட இடத்தில் ஒன்றுமில்லை, வராதே என்று அடைத்த இடத்தில் ஒரு குடும்பமே நடக்கிறது. இதைக் கொடை என்பதா? கடித்த இலை பார்க்க அசிங்கம் என்று நடுத்திட்டிலும் ஆலை வாசலிலும் மருந்து அடித்துவிடுகிறோம். அதோடு அந்த ஒரு கணக்கும் தீர்ந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுத் தெற்கு மதில் ஓரம் காலை முதல் மாலை வரை வெயில் காயும் ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கே வருடக்கணக்கில் நிலைத்துப் பூக்கும் செடிகளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இட்லிப்பூவுக்குப் பட்டாம்பூச்சி வருகிறது. ஒற்றைச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. சில நாள் முன்வாசல் வழியாக நுழையப் பொறுமையில்லாமல் பூவின் அடியைக் குத்தித் தேனைக் களவாடிவிட்டுப் போகிறது. அடுக்குச் செம்பருத்தி பார்க்க எடுப்புதான். ஆனால் அதில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருப்பதால் தேனீக்கு அங்கே சொற்ப வேலைதான். துளசியைக் கிள்ளாமல் கதிர் விட விட்டால் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் வயிற்றில் நீலவரி போட்ட ஒண்டித் தேனீயும் வரும். அந்த நீலவரிக்காரி கூட்டம் சேர்ந்து அடை கட்டுகிறவள் இல்லை. மண்ணைத் துளைத்துத் தனியாக முட்டையிடுகிறவள். தேனீ வகைகளில் பெரும்பாலானவை அப்படித் தரைக்குள் குடியிருப்பவைதான். ஆலை வளாகங்களில் பூச்செடி இருந்தும் தேனீ குறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். செடியைச் சுற்றி ஓர் அங்குலம் விடாமல் பேவர் பிளாக் பதித்துவிடுகிறார்கள். சாப்பாடு இருக்கிறது, வீடு இல்லை.

நான் வைக்காமல் வந்தவை இன்னும் நன்றாக நடத்துகின்றன. வெட்டுக்காயப் பூண்டு தரையோடு தரையாகப் பரவி, நீளக் காம்பில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கிறது. சின்னப் பட்டாம்பூச்சிகளுக்கு அதுதான் அன்றாடச் சோறு. அதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பதால் சொந்தச் செடி, வந்தேறிச் செடி என்று கோடு கிழிக்கவும் கை தயங்குகிறது. கவரைப்பேட்டை தாண்டி ரயில் பாதை ஓரக் கசடு மேட்டில் எருக்கு தானாக நிற்கிறது. கருவண்டு அதை விட்டு நகர்வதில்லை. விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் நமக்கும் அது பூ.

போன வருடம் ஆவாரம் வைத்தேன். வெயிலுக்குப் பிறந்த செடி, மஞ்சளாகக் கொட்டிப் பூக்கிறது. வைத்த பிறகுதான் படித்தேன், ஆவாரத்திலும் தேன் கிடையாது. கருவண்டு அந்தப் பூவைக் கட்டிக்கொண்டு, உடம்பை ரீங்காரமாக அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்து வாங்கிக்கொள்கிறது. அதற்கென்றே கொஞ்சம், இனப்பெருக்கத்துக்கென்று கொஞ்சம் என்று இரண்டு வகை மகரந்தத் தாள்களை அந்தப் பூ வைத்திருக்கிறது. ஆக, தேன் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு பூவுக்குத் தீர்ப்பு எழுதவும் முடியாது. தேன் இல்லாமலே ஒன்று ஏமாற்றுகிறது, இன்னொன்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பூத்துக் குலுங்குகின்றன.

யாருக்குப் பூக்கிறது என்பது சரியான கேள்விதானா என்பதிலேயே இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செடி தனக்காகத்தான் பூக்கிறது, மற்றவர்களுக்குக் கிடைப்பது வழியில் சிந்துவது என்றும் தோன்றுகிறது. அப்படியென்றால் ஆயா விட்டுவந்த நாலைந்து பூசணிப்பூவை எதில் சேர்ப்பது என்று உடனே குழம்புகிறேன். அரளியைப் பிடுங்கிவிட்டு ஆவாரம் வையுங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புழுவின் கதை தெரிந்த பிறகு இன்னும் வரவில்லை.

ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ வெயில் விழும் மதில் ஓரம் உள்ளவர்கள், ஒரு முழ அகலமாவது கல் பதிக்காமல் மண்ணாகவே விட்டுவையுங்கள், இலையைப் புழு கடித்தால் மருந்தை எடுக்காதீர்கள். ஆவாரம் வைக்க ஆசைப்பட்டால், அதன் விதைத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டு விதைத்தால் முளைக்கும்.